திருவிழா மலர் வடிவமைக்க ஸ்கிரைபஸ்: மூல நிரலிலிருந்து தொகுத்து நிறுவும் முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஆடி மாதத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் மாரியம்மன் கோயில் மலரைத் தயாரிப்பவர்களும், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழை வடிவமைத்துத் தரும் முன்னாள் மாணவர்களும் பெரும்பாலும் பழைய மடிக்கணினியில்தான் வேலை செய்கிறார்கள். விலைகொடுத்து வாங்கும் வடிவமைப்பு மென்பொருளுக்கு மாதாமாதம் ரிங்கிட் கட்ட இயலாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் நல்ல துணை. ஆனால் லினக்ஸ் மின்ட் 21, உபுண்டு 22.04 போன்ற இயங்குதளங்களின் மென்பொருள் மேலாளரில் கிடைப்பது 1.5 வரிசையைச் சேர்ந்த பழைய பதிப்பு. நிலையான 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வெளிவந்தது. அதை மூல நிரலிலிருந்து (மேம்பாட்டாளர்கள் எழுதிய நிரல் வரிகளிலிருந்து) நாமே தொகுத்து, அதாவது கணினி இயக்கக்கூடிய மென்பொருளாக மாற்றி, கணினியில் ஏற்கெனவே இருக்கும் எதையும் கெடுக்காமல் நிறுவுவது எப்படி என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

தமிழுக்கு இந்தப் பதிப்பு எண்கள் ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012இல் வந்த 1.4 பதிப்பில் தமிழைத் தட்டினால் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறிவிடும். மெய்யும் உயிர்க்குறியும் சேரும்போது எந்தக் குறி முன்னால் வர வேண்டும், எது பின்னால் வர வேண்டும் என்று கணக்கிடும் பகுதி அதில் இல்லாததே காரணம். ஓமன் நாட்டில் இயங்கிய ஒரு குழு அரபு மொழிக்காகவும் இந்திய மொழிகளுக்காகவும் உழைத்து, ஹார்ஃப்பஸ், ஐசியு ஆகிய நூலகங்களை (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுதிகளை) ஸ்கிரைபஸுடன் இணைத்த பிறகு, 2017இல் வந்த 1.5.3 பதிப்பிலிருந்து தமிழ் ஒழுங்காக வரத் தொடங்கியது. பழைய அனுபவத்தை வைத்து ‘ஸ்கிரைபஸில் தமிழ் உடையும்’ என்று இன்னமும் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பதிப்பு எண்ணின் நடு இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் அது நிலையான வரிசை. ஒற்றைப்படையாக இருந்தால் மேம்பாட்டு வரிசை. 1.7 வரிசை கியூடி 6 நூலகத்தின்மேல் கட்டப்படுகிறது. அச்சுக்குப் போகும் மலரை அதில் செய்ய வேண்டாம். 1.6 வரிசை கியூடி 5ஐக் கொண்டு இயங்குவதால் மேற்சொன்ன இயங்குதளங்களில் சிக்கலின்றித் தொகுக்கலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். புதிய பதிப்பு வேண்டும் என்பது மட்டுமே தேவையானால், ஆப்இமேஜ் வடிவில் தயாராகக் கிடைக்கும் ஒரே கோப்பைப் பதிவிறக்கி இயக்கினாலே போதும், தொகுக்க வேண்டியதில்லை. ஒரு வழுவுக்கான திருத்தம் நிரலில் சேர்ந்துவிட்டது, ஆனால் பதிப்பாக இன்னும் வரவில்லை என்னும் நிலையில் இருப்பவர்களுக்கும், தமிழ் எழுத்துரு தொடர்பான கோளாற்றைத் தாங்களே ஆராய்ந்து மேம்பாட்டாளர்களுக்குத் தெரிவிக்க விரும்புபவர்களுக்கும், நிரலாக்கம் பயின்றுவிட்டு உண்மையான பெரிய மென்பொருள் ஒன்றின் உள்ளமைப்பைப் பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்குமே தொகுத்தல் பயன்படும். இந்த மூன்றாம் வகையினர் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கணினியும் மின்சாரமும்

நான்கு ஜிபி நினைவகமுள்ள கணினியிலும் ஸ்கிரைபஸைத் தொகுக்கலாம், நேரம்தான் கூடுதலாகும். சி++ மொழியில் எழுதப்பட்ட பெரிய கோப்பு ஒன்றைத் தொகுக்கும்போது தொகுப்பி ஒரு ஜிபி வரைகூட நினைவகத்தை எடுத்துக்கொள்ளலாம். எனவே ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளை நடத்துவது என்பதைச் செயலியின் கருக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கு ஜிபி என்றால் இரண்டு வேலைகள், எட்டு ஜிபி என்றால் நான்கு வேலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலாவியை மூடிவிடுங்கள். வட்டில் சில ஜிபி இடம் காலியாக இருக்கட்டும்.

பேராக் பக்கத்தில் பிற்பகலானால் இடிமழையும், அதன் கூடவே மின்தடையும் வருவதுண்டு. மடிக்கணினியின் மின்கலம் தளர்ந்திருந்தால் காலையிலோ இரவிலோ தொடங்குங்கள். நடுவில் நின்றுபோனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதுவரை தொகுத்த கோப்புகள் அப்படியே இருக்கும், மீதி மட்டும் தொடரும். அதில் ஒரு சிறு ஆபத்து உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சார்புகளைச் சேர்த்தல்

இந்தக் கட்டுரையில் கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பின்படி தந்திருக்கிறேன். முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

முதலில் அடிப்படைக் கருவிகள். ‘சூடோ ஏப்ட் இன்ஸ்டால்’ என்ற கட்டளையோடு பில்ட்-எசென்ஷியல், சிமேக், நிஞ்சா-பில்ட், கிட், பிகேஜி-கான்ஃபிக் என்ற பொதிகளை (இயங்குதளம் நிறுவித் தரும் மென்பொருள் கட்டுகளை) கேளுங்கள். தொகுப்பி, இணைப்பி, கட்டுமானத்தை நடத்தும் கருவிகள் எல்லாம் இவற்றில் அடங்கிவிடும்.

அடுத்தது ஸ்கிரைபஸ் சார்ந்திருக்கும் நூலகங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடுவதற்கு முன் எளிய வழி ஒன்று இருக்கிறது. மென்பொருள் மூலங்கள் என்ற அமைப்பில் ‘மூல நிரல் களஞ்சியங்கள்’ என்பதற்கு எதிரேயுள்ள கட்டத்தில் குறியிட்டு, பட்டியலைப் புதுப்பித்து, ‘சூடோ ஏப்ட் பில்ட்-டெப் ஸ்கிரைபஸ்’ என்று கேட்டால், இயங்குதளத்தில் உள்ள பழைய பதிப்பைத் தொகுக்கத் தேவைப்பட்ட அத்தனை பொதிகளும் ஒரே மூச்சில் வந்து சேரும். புதிய பதிப்புக்கும் அவற்றில் பெரும்பாலானவைதான் வேண்டும். தோட்டத்துக்குள் கைப்பேசித் தரவை நம்பியிருப்பவர்கள் இந்தப் பதிவிறக்கத்தை ஊருக்குள் நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்தில் முடித்துக்கொண்டு, தொகுக்கும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். தொகுக்கும்போது இணையம் தேவையில்லை.

எந்தெந்த நூலகங்கள், எதற்காக என்று தெரிந்துகொள்வது பின்னால் பிழைச்செய்திகளைப் படிக்க உதவும். கியூடி 5 சாளரங்களையும் பட்டியல்களையும் வரைகிறது. ஃப்ரீடைப் எழுத்துருக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வடிவத்தையும் எடுத்துத் தருகிறது. எந்த வடிவம் எந்த வரிசையில் வர வேண்டும் என்று ஹார்ஃப்பஸ் முடிவு செய்கிறது. வரியை எங்கே மடிக்கலாம் என்பதை ஐசியு சொல்கிறது. கெய்ரோ திரையில் பக்கத்தை வரைகிறது. திரையில் தெரியும் குங்குமச் சிவப்பு ஈப்போ அச்சகத்தின் நான்கு மைகளில் எப்படி வரும் என்பதைக் கணக்கிடுவது லிட்டில்சிஎம்எஸ். பாப்ளர் பிடிஎஃப் கோப்புகளை உள்ளே கொண்டுவருகிறது. இவை தவிர ஹன்ஸ்பெல், கப்ஸ், போடோஃபோ, பைத்தான், பூஸ்ட் ஆகியவையும் உண்டு.

இயங்குதளத்தில் ஒவ்வொரு நூலகமும் இரண்டு பொதிகளாக இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று மென்பொருள் ஓடும்போது தேவைப்படுவது. மற்றொன்று, பெயரின் முடிவில் ‘-டெவ்’ என்று வருவது, தொகுக்கும்போது தேவைப்படுவது. முதல்வகை மட்டும் இருக்கும் கணினியில் ‘நூலகம் இருக்கிறதே, ஏன் கிடைக்கவில்லை என்கிறது?’ என்ற குழப்பம் வரும். டெவ் பொதியில்தான் தலைப்புக் கோப்புகள் (நூலகத்தில் என்னென்ன உண்டு என்று தொகுப்பிக்குச் சொல்லும் கோப்புகள்) இருக்கின்றன. தொகுப்பி தேடுவது அவற்றைத்தான்.

மூல நிரலைப் பெறுதல்

சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் ஸ்கிரைபஸ் திட்டத்தின் பக்கத்திலிருந்து 1.6 வரிசையின் அண்மைய டார் கோப்பை (மூல நிரலை ஒன்றாகக் கட்டிச் சுருக்கிய கோப்பை) எடுங்கள். தளம் தரும் சரிபார்ப்பு எண்ணை உங்கள் கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கத்தால் வரும் விசித்திரமான பிழைகளை இது தொடக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக் கோப்புறைக்குள் ‘மூலம்’ போன்றதொரு கோப்புறையை உருவாக்கி அதில் விரியுங்கள். கோப்புறையின் பெயரை இடைவெளியின்றி ஆங்கில எழுத்தில் வைப்பதே பாதுகாப்பானது. சில கட்டுமானக் கருவிகள் இடைவெளியைக் கண்டால் தடுமாறும்.

விரித்ததும் ரீட்மீ, பில்டிங், இன்ஸ்டால் என்ற பெயர்களில் எந்தக் கோப்பு இருக்கிறதோ அதைத் திறந்து முழுவதும் படியுங்கள். பலர் தாண்டிப் போகும் படி இது. இந்த வழிகாட்டி உட்பட வெளியே எழுதப்பட்ட எதைவிடவும் அந்தக் கோப்பு சொல்வதே அந்தப் பதிப்புக்குச் சரியானது.

அமைவாக்கம்

மூல நிரல் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே தொகுக்காதீர்கள். அதன் பக்கத்தில் ‘பில்ட்’ என்று தனிக் கோப்புறை வைத்துக்கொண்டால், எதாவது தவறினால் அதை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். மூல நிரல் தொடப்படாமல் இருக்கும்.

தொகுப்பதற்கு முன் நூலகங்களைத் தேடி, கட்டுமானத்துக்கான திட்டத்தை எழுதித் தருவது சிமேக். அந்தக் கட்டளைக்கு ஐந்து செய்திகளைச் சொல்ல வேண்டும். பெரிய எஸ் விருப்பத்தின் பின் மூலம் இருக்கும் இடம். பெரிய பி விருப்பத்தின் பின் பில்ட் கோப்புறை. பெரிய ஜி விருப்பத்தின் பின் நிஞ்சா என்ற பெயர், அதன் முதலெழுத்துப் பெரியதாக. பெரிய டி விருப்பத்தோடு ஒட்டி, முழுவதும் பெரிய எழுத்துகளில் சிமேக்_பில்ட்_டைப், அதன் மதிப்பாக ரிலீஸ். மீண்டும் அதேபோல் சிமேக்_இன்ஸ்டால்_பிரிஃபிக்ஸ், அதன் மதிப்பாக உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் நிறுவ விரும்பும் இடம்.

இந்தக் கடைசி விருப்பத்தில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். அதைத் தராவிட்டால் மென்பொருள் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ என்ற பொது இடத்துக்குச் செல்லும். அங்கே எழுத நிர்வாகி உரிமை வேண்டும். பின்னால் நீக்குவதும் தொல்லை. வீட்டுக் கோப்புறைக்குள், பதிப்பு எண்ணையும் பெயரில் சேர்த்து ஓர் இடம் கொடுத்தால், பழைய ஸ்கிரைபஸும் புதியதும் ஒன்றையொன்று தொடாமல் ஒரே கணினியில் இருக்கும். திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நேற்றுவரை ஓடிய பதிப்பை இழந்து நிற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

சிமேக் ஓடும்போது கண்டெடுத்த ஒவ்வொரு நூலகத்தையும் வரிசையாகச் சொல்லும். ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று அது நின்றால், விடுபட்ட நூலகத்தின் பெயர் அந்த வரியிலேயே இருக்கும். அதற்குரிய டெவ் பொதியை நிறுவி, சிமேக்கை மறுபடி ஓட்டுங்கள். எந்தப் பொதி என்று தெரியாதபோது ‘ஏப்ட்-ஃபைல் சர்ச்’ என்ற கட்டளைக்குத் தலைப்புக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது எந்தப் பொதியில் இருக்கிறது என்று சொல்லிவிடும். பொதியை நிறுவிய பிறகும் பழைய பிழையே வந்தால், சிமேக் தன் முந்தைய தேடலின் முடிவை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். பில்ட் கோப்புறையை முழுவதும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

சிமேக் வெற்றியுடன் முடிந்தாலும் அதன் அறிக்கையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை வாசியுங்கள். சில நூலகங்கள் கட்டாயமற்றவை. அவை இல்லாவிட்டால் சிமேக் நிற்காது, அந்த வசதியை மட்டும் விட்டுவிடும். எழுத்துப்பிழை திருத்தியோ வேறொரு வசதியோ காணவில்லை என்று பிறகு தேடுவதைவிட இப்போது பார்த்துக்கொள்வது எளிது.

தொகுத்தலும் பிழைகளும்

பில்ட் கோப்புறைக்குள் சென்று ‘நிஞ்சா’ கட்டளையைச் சிறிய ஜே விருப்பத்தோடும், முன்பு தீர்மானித்த வேலைகளின் எண்ணிக்கையோடும் கொடுங்கள். திரையில் வருவதையெல்லாம் ‘டீ’ கட்டளையின் வழியே ஒரு பதிவுக் கோப்பிலும் சேமியுங்கள். இரண்டு எண்கள் சாய்கோட்டின் இருபுறமும் ஓடத் தொடங்கும். இடப்பக்க எண் வலப்பக்க எண்ணைத் தொடும்போது வேலை முடிந்தது. நடுவில் வரும் எச்சரிக்கைகளைப் பொருட்படுத்த வேண்டாம். பிழை வந்தால்தான் நிற்கும்.

நின்றுவிட்டால் திரையின் கடைசி வரியை விட்டுவிட்டு, பதிவுக் கோப்பில் ‘எரர்’ என்ற சொல் முதன்முதலாக வரும் இடத்துக்குப் போங்கள். ஒரு தலைப்புக் கோப்பு கிடைக்காததால் அதன் பின்னே நூறு பிழைகள் அடுக்கடுக்காக வரலாம். முதல் பிழையைத் தீர்த்தால் மற்றவை தாமே மறையும்.

நம் ஊர்க் கணினிகளில் அதிகம் காணக்கூடியது ‘கில்ட்’ என்ற சொல்லோடு ‘சிசி1பிளஸ்’ என்ற பெயர் வரும் செய்தி. நிரலில் எந்தத் தவறும் இல்லை. நினைவகம் தீர்ந்துபோய் இயங்குதளம் தொகுப்பியை நிறுத்தியிருக்கிறது. வேலைகளை ஒன்றாகக் குறைத்து, அதாவது ஜே விருப்பத்துக்கு 1 என்று கொடுத்து, மீண்டும் ஓட்டுங்கள். அந்தக் கனமான கோப்பைத் தாண்டியதும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பலாம்.

முன்பு சொன்ன மின்தடை ஆபத்து இதுதான்: மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு வெறுமையாகவோ பாதியாகவோ வட்டில் நின்றுவிடலாம். நிஞ்சா அதை முடிந்த வேலை என்று எண்ணிக் கடந்துபோகக்கூடும். கடைசியில், தொகுத்த துண்டுகளை ஒன்றுசேர்க்கும் இணைப்பி வந்து, ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, அதன் வடிவம் புரியவில்லை என்று நிற்கும். அந்தப் பெயர் ‘.ஓ’ என்று முடியும். பயப்படாமல் அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்துவிட்டு நிஞ்சாவை மறுபடி ஓட்டினால் அதைப் புதிதாகத் தொகுத்துக்கொள்ளும்.

ஸ்கிரைபஸுக்கே உரிய சிக்கல் ஒன்று பாப்ளரால் வருகிறது. பிடிஎஃப் கோப்பை உள்ளே கொண்டுவரும் செருகுநிரல் (ஸ்கிரைபஸோடு சேரும் துணை நிரல்), பாப்ளர் வெளியாருக்கென்று வைத்திருக்கும் வாசலை மட்டும் பயன்படுத்தாமல் அதன் உள் தலைப்புக் கோப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. அவை டெபியன், உபுண்டு வழித்தோன்றல்களில் ‘லிப்பாப்ளர்-பிரைவேட்-டெவ்’ என்ற தனிப் பொதியில் இருக்கின்றன. சாதாரண டெவ் பொதி போதாது. மேலும், உள் கோப்புகள் என்பதால் பாப்ளர் மேம்பாட்டாளர்கள் அவற்றைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றுவார்கள். மிகப் புதிய இயங்குதளத்தில் ஸ்கிரைபஸைத் தொகுக்கும்போது ‘பிளகின்ஸ் - இம்போர்ட் - பிடிஎஃப்’ என்ற பாதையில் உள்ள கோப்பில் பிழை வந்தால், பெரும்பாலும் பாப்ளர் முன்னே போய்விட்டது, ஸ்கிரைபஸ் இன்னும் அதைப் பிடிக்கவில்லை என்றுதான் பொருள். உங்கள் கணினியைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்கிரைபஸின் நிரல் களஞ்சியத்தில் அந்தப் பிழைக்கான திருத்தம் ஏற்கெனவே வந்திருக்கும். அல்லது டெபியன், ஆர்ச் போன்ற வழங்கல்கள் தங்கள் பொதியோடு ஓர் ஒட்டுக் கோப்பாக (நிரலில் மாற்ற வேண்டிய வரிகளைச் சொல்லும் கோப்பாக) அதை வைத்திருக்கும். அந்த ஒட்டைப் பதிவிறக்கி, மூலக் கோப்புறைக்குள் நின்று ‘பேட்ச்’ கட்டளையைச் சிறிய பி, 1 என்ற விருப்பத்தோடு கொடுத்தால் மாற்றம் உரிய இடத்தில் அமரும். பிறகு நிஞ்சா அந்தக் கோப்பையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டுமே மீண்டும் தொகுக்கும். தொகுக்கக் கற்றுக்கொண்டதன் முழுப் பயனும் இந்த இடத்தில்தான் கைக்கு வருகிறது.

நிறுவலும் முதல் ஓட்டமும்

‘நிஞ்சா இன்ஸ்டால்’ என்று கொடுங்கள். நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ தேவையில்லை. அது தேவை என்று கணினி கேட்டால் நிறுவும் இடத்தைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள், அமைவாக்கத்துக்குத் திரும்புங்கள். நிறுவாமல் பில்ட் கோப்புறையிலிருந்தே ஓட்ட முயல வேண்டாம். ஸ்கிரைபஸ் தன் சின்னங்களையும் செருகுநிரல்களையும் நிறுவிய இடத்தில்தான் தேடும்.

முதல்முறை திறப்பதற்கு முன், பழைய பதிப்பின் அமைப்புகள் இருக்கும் ‘.கான்ஃபிக்’ கோப்புறைக்குள் ஸ்கிரைபஸ் என்ற உட்கோப்புறையைப் படியெடுத்து வையுங்கள். நடந்துகொண்டிருக்கும் மலரின் எஸ்எல்ஏ கோப்புகளையும் (ஸ்கிரைபஸ் தன் ஆவணத்தைச் சேமிக்கும் கோப்புகள்) படியெடுங்கள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காமல் போகலாம். எனவே ஒரே மலரில் இருவர் வேலை செய்தால் இருவரிடமும் ஒரே பதிப்பு இருக்கட்டும்.

பிறகு, நிறுவிய இடத்தில் உள்ள ‘பின்’ கோப்புறையிலிருந்து ஸ்கிரைபஸை இயக்கி, உதவிப் பட்டியலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். பட்டியலில் சின்னம் வேண்டுமானால், நிறுவிய இடத்தில் ‘ஷேர்’ கோப்புறைக்குள் இருக்கும் டெஸ்க்டாப் கோப்பை உங்கள் ‘.லோக்கல்’ கோப்புறைக்குள் உள்ள ‘அப்ளிகேஷன்ஸ்’ இடத்துக்குப் படியெடுத்து, ‘எக்ஸெக்’ வரியில் முழுப் பாதையையும் எழுதுங்கள்.

தமிழைச் சோதித்தல்

ஓர் உரைச் சட்டம் வரைந்து, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்து, ‘கொடி, கோயில், பௌர்ணமி, லட்சுமி, பக்ஷணம்’ என்று தட்டிப் பாருங்கள். கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னும் வந்தால் ஹார்ஃப்பஸ் தன் வேலையைச் செய்கிறது.

கோயில் மலரில் கூடுதல் கவனம் வேண்டிய எழுத்து ‘ஸ்ரீ’. இதை ‘ஸ’ எழுத்தில் தொடங்கியும் தட்டலாம். யூனிகோடில் 2005இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’ எழுத்தில் தொடங்கியும் தட்டலாம். இரண்டும் திரையில் ஒரே வடிவமாகத் தெரியலாம். சில எழுத்துருக்கள் இவற்றில் ஒன்றை மட்டுமே சேர்த்துக் காட்டும். மற்றொன்றில் புள்ளியோடு உடைந்து நிற்கும். நன்கொடையாளர் பட்டியலை ஒருவரும் அழைப்பிதழை இன்னொருவரும் தட்டியிருந்தால், ‘ஸ்ரீ மகா மாரியம்மன்’ ஒரு பக்கத்தில் ஒழுங்காகவும் அடுத்த பக்கத்தில் உடைந்தும் வருவதற்கு இதுவே காரணம். தேடி மாற்றும் வசதியால் முழு மலரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். இது தொகுத்தலில் வந்த கோளாறு அன்று. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய பழைய மலர்களின் உரையை முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

அடுத்து பிடிஎஃப்/எக்ஸ் வகையில் (அச்சுக்கென்று வரையறுத்த பிடிஎஃப்) ஏற்றுமதி செய்து, முனையத்தில் ‘பிடிஎஃப்ஃபான்ட்ஸ்’ கட்டளைக்கு அந்தக் கோப்பைக் கொடுங்கள். எழுத்துரு பதிக்கப்பட்டதா என்று காட்டும் பத்தியில் எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ இருக்க வேண்டும். இருந்தால் அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் மாறாது.

புதுப்பித்தலும் நீக்கலும்

அடுத்த பதிப்பு வரும்போது புதிய எண்ணோடு வேறொரு கோப்புறையில் நிறுவுங்கள். நடப்பு மலர் அச்சேறும்வரை பழையதை வைத்திருந்து, பிறகு அந்தக் கோப்புறையை அழித்தால் மென்பொருள் முழுவதும் நீங்கிவிடும். பொது இடத்தில் நிறுவிவிட்டவர்கள் பில்ட் கோப்புறையில் ‘இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட்’ என்ற கோப்பைத் தேடுங்கள். நிறுவிய ஒவ்வொரு கோப்பின் பாதையும் அதில் இருக்கும்.

இயங்குதளத்தையே உபுண்டு 22.04இலிருந்து 24.04க்கோ, மின்ட் 21இலிருந்து 22க்கோ உயர்த்தினால், நீங்கள் தொகுத்த ஸ்கிரைபஸ் திறக்காமல், பாப்ளர் அல்லது ஐசியு நூலகத்தின் ஒரு குறிப்பிட்ட எண்ணுள்ள கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லும். புதிய இயங்குதளத்தில் அந்த நூலகங்களின் எண் மாறியிருப்பதே காரணம். பழைய கோப்புகளை எங்கிருந்தாவது கொண்டுவந்து ஒட்டவைக்க முயலாதீர்கள். பில்ட் கோப்புறையை அழித்து, சார்புகளை மீண்டும் கேட்டு, சிமேக்கிலிருந்து தொடங்குங்கள். அதற்காகவே நீங்கள் கொடுத்த சிமேக் கட்டளையை முழுவதுமாக ஓர் உரைக் கோப்பில் எழுதி, ஒட்டுக் கோப்புகளோடு சேர்த்து மூலக் கோப்புறைக்குப் பக்கத்தில் வைத்திருங்கள்.